வீட்டுக்கு ஒரு மூக்கு

“சொல்லு. நாறுதா, இல்லையா?”

கோழிக்கொட்டகை வாசலில் அவளை நிறுத்திவிட்டு, கணவன் ஓரடி பின்வாங்கி நின்றான். அவள் மூச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதாம்.

அந்தக் குடும்பத்தில் உருப்படியாக மிச்சமிருந்த மூக்கு அவளுடையதுதான். கணவன், கொழுந்தன், மாமியார் மூவருக்கும் கோழி எச்சத்தின் நெடி எப்போதோ மரத்துவிட்டது. ‘நெடியா, எங்கே?’ என்று பச்சைப்பிள்ளை போலக் கேட்பார்கள். நிஜமான பச்சைப்பிள்ளைக்கோ, அவள் மகளுக்கு, நெஞ்சு இழுத்தது. “இந்த அம்மோனியாக் காத்துல வெச்சுக்கிட்டு மருந்து குடுத்துப் பிரயோஜனமில்லம்மா” என்று டாக்டர் கைவிரித்த அன்றே, அவள் மகளுடன் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே முதலில் விருந்தாளி. அப்புறம் கூடத்து மூலையில் சுருட்டிவைத்த பாய். அக்கா கணவர் பேப்பரைப் புரட்டுகிற சத்தமே ‘இன்னும் கிளம்பலையா?’ என்று கேட்கும்.

இங்கே கணவன் சும்மா இருக்கவில்லை. ஒழுகிய தண்ணீர்க் குழாய்களை மாற்றினான். ஈரத்தில் ஊறிய உமியை வாரியெடுத்துப் புது உமி பரப்பி, நெடி அடங்கப் படிகாரத் தூள் தூவினான். எருக்குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடினான். “நீ வந்து மோந்து பாரு. சரின்னு சொல்லிட்டா இன்னிக்கே வீடு” என்று போய் அழைத்து வந்துவிட்டான். மகள் கேட் அருகே வேனுக்குள், மடியில் துணிப்பையோடு காத்திருந்தாள்.

“அண்ணி, சீக்கிரம் தீர்ப்பைச் சொல்லுங்க. டென்ஷன்ல கோழி முட்டையே போட மாட்டேங்குது” என்றான் கொழுந்தன்.

ஆழமாக இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தாள். சுத்தம்! சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது.

அங்கேயே உறைந்தது.

போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்தபோது அக்கா ஓடிவந்து கத்தினாளே! “தெருவே நாறுதுடி, பக்கத்துலயே நிக்கிறே, தெரியலை?” ஏதோ யோசனையில் இருந்ததாக இவள் சமாளித்தாள். உண்மையில், அந்த நாற்றம் அவளுக்குத் தெரியவேயில்லை.

“ஏங்க... கோழி டாக்டர்கிட்ட அம்மோனியா அளக்குற மீட்டர் இருக்குமே, அதை வாங்கி ஒரு தடவை பாத்துடலாமே?”

“உன் மூக்கைவிடவா மீட்டரு?”

சொல்லிவிடலாமா? சொன்னால் மறுபடியும் அந்தப் பாய். சொல்லாவிட்டால் குழந்தையின் நெஞ்சு. கொட்டகைக்குள், கம்பிவலையை ஒட்டி ஒரு கோழி மூடிய கண்ணை இறக்கையில் தேய்த்துக்கொண்டிருந்தது. திறக்கப் பார்த்தது, முடியவில்லை. அம்மோனியா கோழிக் கண்ணையும் எரிக்கும். பழைய எரிச்சலா, இன்றையதா?

“பேச்சே வரலை பாருடா உங்க அண்ணிக்கு!” கணவன் வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “இறங்கி வாடா கண்ணு, நம்ம வீடுதான்!”

வேன் கதவு தடாலென்று திறந்தது. பையைக்கூட எடுக்காமல் மகள் ஓடிவந்தாள்.

தாய் சட்டென்று திரும்பி, கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் அகல விரித்தாள். பார்த்தவர்களுக்கு, மகளைக் கட்டியணைக்க விரித்த மாதிரிதான் இருந்தது.