எந்த ஒகனாகன்?

என் கணவர் வாசுதேவனிடம் ஒரு ஊரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் போல உயிரை வாங்கும் வேலை வேறு கிடையாது. கல்யாணம் பேசும்போது சொந்த ஊர் தஞ்சாவூர் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பார்க்க வந்த அப்பா தஞ்சாவூரில் இறங்கி ஒரு பகல் முழுக்க அலைந்தார். இவர் ஊர் அங்கிருந்து இருபது மைல் தள்ளி ஒரு புதூர். அந்த வட்டாரத்தில் புதூர் மூன்று. மூன்றாவதில்தான் அப்பா என்னைக் கண்டுபிடித்தார்.

இப்போது, 1971இல், கனடாவில் ஓர் ஆப்பிள் ஆராய்ச்சிப் பண்ணையில் இவருக்கு வேலை கிடைத்து முன்னால் போய்விட்டார். நான் கைக்குழந்தையோடு ஜெர்மனியில், பிராங்பேர்ட்டில் இருந்தேன். பல்கலைக்கழக வேதியியல் கூடத்தில் என் வேலையை நீட்டிக்கலாமா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயார். வாசுதேவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தந்திதான் வந்தது: "வேலையை விட்டுவிட்டு ஒகனாகன் வா."

விமானச் சீட்டு வாங்கப் போனால், அங்கிருந்த ஜெர்மன் அம்மாள் தடித்த அட்லஸைப் புரட்டிவிட்டு, "எந்த ஒகனாகன்?" என்று கேட்டாள். ஸாலிஷ் மொழி பேசும் பூர்வகுடிகளின் சொல்லாம் அது. அவர்கள் ஏதோ ஓர் இடத்துக்கு வைத்திருந்த பெயரை, பின்னால் வந்தவர்கள் ஏரி, பள்ளத்தாக்கு, அருவி, படகுத்துறை, பாதிரிகள் தங்கிய ஊர் என்று அள்ளி இறைத்திருக்கிறார்கள். போதாததற்கு எல்லை தாண்டி அமெரிக்காவிலும் ஒன்று, ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில். அங்கே விசா இல்லாமல் குழந்தையோடு போய் நின்றால் என்ன ஆவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசுதேவன் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார்.

"டிக்கெட் வாங்கிட்டியா?"

"எந்த ஒகனாகன்னு சொல்லுங்க."

"ஒகனாகன்தான்."

"அருவியா, படகுத்துறையா, பாதிரி ஊரா?"

"எல்லாம் பக்கம் பக்கம்தான் வைதேகி. இங்க வந்து ஒகனாகன்னு கேட்டா யாரு வேணாலும் வழி காட்டுவாங்க."

"இங்கன்னா எங்க?"

"என்ன நீ, சின்னப் பிள்ளை மாதிரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு ஒகனாகன் ஒன்றுதான். புதூர்க்காரருக்குப் புதூர் ஒன்றுதான். தேடி அலைவதெல்லாம் என் வீட்டு மனிதர்கள்தான்.

"சரி, அங்க எனக்கு வேலை உண்டா?"

"அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்."

நான் போக வேண்டிய ஊரின் பெயர் 'வந்து பாத்துக்கலாம்' என்று அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது.

"நான் வரல. நீங்க வாங்க."

"எங்க?" என்றார் திகைத்துப்போய்.

"பிராங்பேர்ட்டுக்கு. ஜெர்மனியில அதுவும் ரெண்டு இருக்கு, ஒண்ணு எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கில. இறங்கி வைதேகின்னு கேளுங்க. யாரு வேணாலும் வழி காட்டுவாங்க."

ரிசீவரை வைத்தேன். கையோடு போய்ப் பேராசிரியரின் கதவைத் தட்டி, வேலையை நீட்டிக்கச் சொன்னேன்.