ஒன்றையும் தேர்ந்தெடுக்காவிட்டால்

1.

இந்தக் கதை ஒரு சலிப்பில் பிறந்தது. என் சலிப்பு அல்ல, என் மனைவியுடையது. புது கம்ப்யூட்டரைத் திறந்ததும் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எதையாவது அழித்தால் ‘நிச்சயமா?’ என்று கேட்க வேண்டுமா, இதையெல்லாம் நாம் கை வைக்கும் முன்பே தீர்மானித்து வைப்பது அவள் வேலை. இதில் என்ன கதை என்று நீங்கள் உதட்டைப் பிதுக்கலாம். நானும் பிதுக்கினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவள் ஜன்னலோரம் நின்று மழையை’

(விட்டுவிட்டேன். ஜன்னலோரம் நிற்க அவளுக்கு நேரம் ஏது?)

2.

புது கம்ப்யூட்டர் முதல் நாள் ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் புதியவரா, பழகியவரா, கைதேர்ந்தவரா? பதிலுக்கு ஏற்ப எல்லாம் மாறும். அவள் மேலாளருக்கு அந்தக் கேள்வி செல்லப்பிள்ளை. இவளுக்கு ஆகவே ஆகாது.

“பக்கத்துல ஆள் நின்னா யாருங்க தன்னைப் புதுசுன்னு ஒத்துப்பாங்க?” என்றாள் நேற்று.

“அவர் என்ன சொல்றாரு?”

“மெஷின்கிட்ட பொய் சொல்ற ஒரே ஒரு ஆளைக் காட்டு, கேள்வியைத் தூக்கிடறேங்கிறாரு. நாளைக்குக் காலையில கடைசிக் கூட்டம். ரெண்டு வருஷமா கத்திட்டேன். இனிமே தெம்பு இல்ல.”

3.

(இந்தப் பகுதி இருந்தது. இப்போது இல்லை.)

சோதித்துப் பார்க்க அவள் கொண்டுவந்த கம்ப்யூட்டரில்தான் இதை எழுதுகிறேன். முதல் நாள் அது கேள்வி கேட்டபோது அவள் என் பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது தட்டச்சு மட்டும்தான். ‘கைதேர்ந்தவர்’ என்பதை அழுத்தினேன்.

கைதேர்ந்தவர்களிடம் அது எதையும் கேட்பதில்லை. அழித்தது குப்பைக்கூடையிலும் தங்காது. ஒவ்வொரு பகுதியையும் தனிக் கோப்பாக வைப்பது என் வழக்கம். இன்று காலை அந்த மழை வரி இருந்த பழைய கோப்பை அழிக்கப் போய், மூன்றாம் பகுதியை அழித்துவிட்டேன். அவளைப் பற்றி நான் எழுதியதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

4.

அப்போதுதான் அவள் கைப்பையோடு வாசலில் நின்று கேட்டாள்: “ஏங்க, மெஷின் ஏதாவது தகராறு பண்ணுச்சா?”

“சேச்சே. ஒண்ணும் இல்லையே.”

“அப்போ நான்தான் வீணா கத்திட்டிருக்கேன் போல.” கோபமே இல்லாமல் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

5.

போன் என் கையில் இருக்கிறது. கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது.

முதல் முடிவு: அவளைக் கூப்பிட்டு, “அந்த ஒரு ஆள் நான்தான்” என்கிறேன். மேலாளர் முன்னால், அவள் அலுவலகம் முழுக்க, என் மானம் போகிறது.

இரண்டாம் முடிவு: கேள்வி அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் எங்கோ ஒருவர், பக்கத்தில் ஆள் நிற்பதால்

(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் பக்கத்தைப் புரட்டினாலும் கதை நிற்காது, ஏற்கெனவே அமைத்து வைத்தபடி நடக்கும். எங்கள் வீட்டில் அதைக் கல்யாணமான புதிதிலேயே அமைத்தாகிவிட்டது: நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுதப் போய்விடுவேன்.