மாட்டுக்கு ஆகும் தகரம்

எங்கள் ஊரில் வீட்டுக்குப் புல்தான் வேய வேண்டும். தகரம் போட்டால் சாமிக்கு ஆகாது என்பது ஊர்க்கட்டு. புல் அறுக்கக் காட்டுக்குப் போனால் பாரஸ்ட் கார்டு அரிவாளைப் பிடுங்கிக்கொள்கிறார். இரண்டு மழைக்காலம் ஒழுகலுக்குச் சட்டி வைத்தே நானும் என் புருஷன் சடையனும் சலித்துப்போனோம். எண்பத்து மூன்றாம் வருசம் செங்கத்தில் ஆறு தகரம் வாங்கி, தலைச்சுமையாக மலையேற்றிப் போட்டோம்.

மறுநாளே ஊர்க்கூட்டம். ஊர்க்கவுண்டர் வேடியப்பன் தீர்ப்புச் சொன்னார்: "தகரத்தப் பிரிச்சு ஊருக்கு ஒப்படைங்க. இல்லாட்டி ஒங்க வூட்டுக்கு யாரும் நெருப்பு, தண்ணி குடுக்க மாட்டாங்க."

"புல்லுக்கு இன்னா பண்றதுங்க?" என்றேன்.

"அது கார்டு சட்டம். இது நம்ம சட்டம்."

 சடையன் குனிந்த தலையோடு கூரைமேல் ஏறி, அவரே பிரித்தார். 

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பழைய புல் ஒழுகி அடுப்புக்குள் தண்ணீர். காய்ந்த இடம் தேடி வெளியே வந்தேன். வேடியப்பனின் மாட்டுக்கொட்டாய்மேல் என் ஆறு தகரமும் இருந்தன. நான் அடித்த ஆணி ஓட்டைகூட அப்படியே தெரிந்தது.

கேட்டதற்கு, "கட்டு வூட்டுக்குத்தான், மாட்டுக்கு இல்ல" என்றார்.

நான் திரும்பிப் போய்ச் சட்டி, கிண்டும் துடுப்பு, பாய் எல்லாம் எடுத்துவந்தேன். அவர் பசுவுக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன்.

"இன்னா பண்ற பாஞ்சாலை?" என்று கத்தினார்.

"சாமை வேக வைக்கிறேங்க. இது வூடு இல்லீங்களே."