நாற்பத்தோராயிரம் போய் நூற்றறுபத்து மூன்று

1
இந்தக் கதை நான் தோற்ற ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. ஜெயித்தவள் என் அக்கா. பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. திக்கிப் பேசுகிறவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறாள். அங்கே யாரும் தட்டச்சு செய்வதில்லை, குரல் பதிவுதான்.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். ‘நாற்பத்தோராயிரம் பேர் நிறைந்த மாபெரும் மண்டபத்தில்…’

(வேண்டாம். மண்டபமாவது ஒன்றாவது! அக்காவின் சாப்பாட்டு மேசையும் ஒரு மடிக்கணினியும்தான்.)

2
ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. காலையில் பல் துலக்கும் முன் உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவேன். அது நாற்பத்தோராயிரத்தைத் தொட்ட வாரத்தில், இரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர் ஒருவர் முதன்முதலாகப் பேசினார். தன் பெயரைச் சொல்லவே அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. எவனோ அதை வெட்டி, தாளம் சேர்த்து, ஊர் சிரிக்கப் பரப்பினான். அவர் அன்றே வெளியேறினார்.

[இங்கே அவனைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். யார் எவர் என்று கேட்காமல் அவனை உள்ளே விட்டது நான்.]

3
அக்கா அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஒரு விதி போட்டாள். ஒரு மாதத்துக்குள் எல்லோரும் தம் குரலில் ஒரு பதிவு இட வேண்டும். மற்ற இருவருடையதை முழுக்கக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். செய்யாதவர் வெளியே. மூன்று வருட உழைப்பு பாழாகிவிடும் என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

“கூட்டம்தான் வேணும்னா பஸ் ஸ்டாண்டுல போய் நின்னுருப்பேன்டா,” என்றாள். “எனக்குக் காது வேணும்.”

மாதக் கடைசியில் மிஞ்சியவர்கள் நூற்றறுபத்து மூன்று பேர். இரண்டு நாள் எண்ணிக்கையைப் பார்க்காமலே பல் துலக்கினேன்.

4
அந்த நூற்றறுபத்து மூன்றில் ஒருவராக ஊழியரும் திரும்பி வந்திருந்தார். பரிசோதனைக்கூடத்தின் தலைமைப் பதவிக்கு அவருக்கு நேர்காணல் இருந்தது. தினமும் ஒரு பயிற்சிப் பதிவு: நான்கு நிமிடம், சில நாள் ஆறு. ஒரு வெல்டர், ஒரு கணக்கு டீச்சர், ஒரு தபால்காரர் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள், கேள்வி கேட்டார்கள். யாரும் வேகத்தைக் கூட்டி ஓட்டவில்லை. நானும்தான்.

நேர்காணலன்று மதியம் அவர் குரல் வந்தது.

“பே… பேரைச் சொன்னேன். நாப்பது செகண்ட் ஆச்சு. அவங்க த… தலையக் குனிஞ்சாங்க. நான் குனியல.”

மறுவாரம் பதவியும் அவருக்கே கிடைத்தது. அக்கா கையில் கரண்டியோடு சமையலறையில் ஆடினாள். ஒளிப்பானேன், நானும் ஆடினேன்.

5
பதவியோடு முடிக்க நினைத்தேன். வரைவைப் படித்த அக்கா, நாற்பதாவது செகண்டிலேயே அவர் ஜெயித்தாயிற்று, மீதி உபரி என்றாள். பதவி கிடைக்காதது போலவும் எழுதிப் பார்த்தேன். அப்போதும் கதை ஜெயித்த கதையாகவே நின்றது.

இன்று காலை நூற்றறுபத்து நான்காவது ஆள் சேர்ந்திருக்கிறார். அவர் பதிவு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. “நா… நா…” அப்புறம் மூச்சு மட்டும்.

அந்த வாக்கியத்தை நான் முடித்து வைக்கலாம்; எழுத்தாளனுக்கு அது ஒரு நொடி வேலை. ஆனால் திக்குகிறவரின் வாக்கியத்தை வேறொருவர் முடிக்கக் கூடாது. நீங்களும் முடித்துவிடாதீர்கள். இப்படி வந்து உட்காருங்கள், கேட்போம்.

“நா…