ஜேர்மனி லைட்

ஏரம்புவின் மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார் அந்த ஒரு மாதத்தில் வாங்கிய திட்டை வேறெந்தக் காரும் வாங்கியிருக்காது. பொழுதுபட்டு ஹெட்லைட்டைப் போட்டால் போதும், எதிரே சைக்கிளில் வருகிறவன் மணியை அடித்தபடி வேலியோரம் இறங்குவான். இறங்கி நின்று ஏரம்புவின் தாய் தகப்பனை விசாரிப்பான். டிம் பண்ணித்தான் வருகிறேன் என்று தலையை நீட்டிச் சொன்னால், "உதுதான் டிம்மோ?" என்று அதற்கும் தனியாக விழும்.

எல்லாம் அந்த ஜேர்மனி லைட்டால் வந்த வினை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்குப் போன மைத்துனன் குலசிங்கம், ஊருக்கு வந்த ஒருவரிடம் அத்தானின் வாடகைக் காருக்கென்று இரண்டு ஹெட்லைட் கொடுத்துவிட்டிருந்தான். பழையவை மங்கிப்போயிருந்தது உண்மை. புதியவை அச்சொட்டாகப் பொருந்தியதும் உண்மை. மனைவி கமலாவதி வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாள். "என்ரை தம்பி அங்கை குளிருக்குள்ளை கோப்பை கழுவி அனுப்பினது" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாள். பெண்சாதி பொட்டு வைத்த விளக்கைக் கழற்றுகிற துணிவு எந்த ஆம்பிளைக்கு இருக்கிறது?

அச்சுவேலியில் கார் திருத்துகிற கராச் வைத்திருந்த செபமாலையிடம் நடந்து நடந்து கால் தேய்ந்தது. அவர் காரை மதிலுக்கு நேரே நிறுத்தி, கரியால் கோடு கீறி, விளக்கின் ஸ்குறூவைத் திருகி வெளிச்சத்தைக் கீழே பதிப்பார். பதித்தால் காருக்கு முன்னால் நாலு முழம்தான் தெரியும். கொஞ்சம் உயர்த்தினால் சைக்கிள்காரனுக்குக் கண் போய்விடும். கடைசியில் விளக்கைத் தலைகீழாகப் பூட்டிப் பார்த்தார். வெளிச்சம் பனை உச்சியில் காய்ந்த காவோலை எண்ணிக்கொண்டு நின்றது. "வயரிங்கிலை ஏதோ பிழை" என்று சொல்லிவிட்டுச் செபமாலை சாப்பிடப் போய்விட்டார். ஏரம்புவுக்கு அழுகை வராத குறை.

அன்று பின்னேரம் முருகேசு முதலாளியும் வாய் திறந்தார். சுன்னாகத்து வெங்காய வியாபாரி. சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்புகிற அவருடைய ஓட்டத்தில்தான் ஏரம்பு வீட்டு அடுப்பு எரிந்தது.

"சைக்கிள்காரன் மணி அடிப்பான், ஏசுவான், போவான். ஆமி ட்ரக் ஒண்டு எதிரை வந்து, அவன்ரை கண்ணுக்குள்ளை உந்த வெளிச்சத்தை அடிச்சியெண்டால், அவன் மணி அடிக்கமாட்டான் ஏரம்பு. நாளைக்கும் உந்த லைட்டெண்டால் நான் வேறை கார் பாக்கிறன்."

நியாயமான பேச்சு. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. வீட்டுக்கு வந்த ஏரம்பு பழைய லைட் ஒன்றைத் தேடியெடுத்து ஒரு பக்கத்தில் பூட்டினான். மற்றப் பக்கம் ஜேர்மனி. காரைக் குசினிச் சுவருக்கு நேரே விட்டு டிம் போட்டு, ஒன்றைச் சாக்கால் மூடி மற்றதைப் பார்த்தான். பிறகு அதை மூடி இதைப் பார்த்தான்.

பழையதன் மங்கல் வெளிச்சம் வலது பக்கம் மட்டமாகக் கிடந்து, இடது பக்கம், றோட்டில் வேலி வருகிற பக்கமாக, மேலே ஏறியது. ஜேர்மனி லைட் இடது பக்கம் மட்டமாகக் கிடந்து, வலது பக்கம் ஏறியது. எதிரே ஆள் வருகிற பக்கம். ஸ்குறூவைத் திருகினால் முழு வெளிச்சமும் ஏறும், இறங்கும். ஏறுகிற பக்கம் மாறாது. அது கண்ணாடியிலேயே வார்த்து வந்த வரி. பைத்தியக்காரன்போல இவ்வளவு நாளும் ஸ்குறூவைத் திருகியிருக்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏன் அவன்ரை லைட்டைக் கழட்டினனீங்கள்?" கமலாவதி குசினி வாசலில் நின்றாள்.

ஏரம்பு சாக்கை உருவி எடுத்தான். கழற்றியதைத் திரும்பப் பூட்டி, காரை ஒழுங்கைக்கு எடுத்தான்.

"கமலம், ஒழுங்கை திரும்புற அந்த முடக்குமட்டும் போய், காரைப் பாத்துக்கொண்டு திரும்பி நடந்து வாரும். நீர் ஒருநாளும் இந்த லைட்டுக்கு முன்னாலை வரேல்லை."

முணுமுணுத்துக்கொண்டு போனவள், பாதி வழியில் கையால் முகத்தை மறைத்தாள். பிறகு வேலியைத் தடவித் தடவித்தான் வந்து சேர்ந்தாள்.

"டிம் போடுங்கோவன்."

"போட்டுத்தான் இருக்கு."

அவளை உள்ளே கூட்டிப்போய், சுவரில் மாட்டியிருந்த குலசிங்கத்தின் படத்தைக் காட்டினான். சிநேகிதன் ஒருவனின் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற படம். காரின் ஸ்டேரிங் இடது பக்கம் இருந்தது. எத்தனை மாதமாகப் பார்த்த படம்.

"அங்கை வலப்பக்கத்தாலை ஓடுறவை. உது அந்த றோட்டுக்குச் செய்த லைட். எங்கடை றோட்டிலை எதிரை வாறவன்ரை கண்ணுக்குள்ளைதான் அடிக்கும்."

கமலாவதி படத்திலிருந்த ஸ்டேரிங்கை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அவனுக்கு எங்கடை றோட்டு எந்தப் பக்கமெண்டும் மறந்துபோச்சோ?"

மாதம் முழுக்க மனதுக்குள் குலசிங்கத்தைத் திட்டித் தீர்த்தவனுக்கு, இப்போது ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அதில்லை. காரோடை சீவிக்கிற எனக்கே தெரியேல்லை. அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கழட்டுங்கோ. அவனுக்கு மட்டும் நல்லாய் எரியுதெண்டு எழுதிவிடுங்கோ."

அடுத்த நாள் பழைய விளக்கின் மங்கலில் முருகேசு முதலாளி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். ஒரு சைக்கிள் மணியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏரம்பு பேனையை எடுத்தான். நல்லாய் எரியுதென்று எழுதினால் இன்னொரு சோடி வந்து சேரும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எழுதினான்.