மூன்றில் இரண்டு

"ரெண்டு டிஸ்க் போதும்மா. 'ரெய்டு ஒண்ணு'ங்கற முறையில போட்டுக்கலாம். ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதிக்கும். ஒண்ணு செத்தா ஒண்ணு இருக்கும்" என்றார் அப்துல் அலீம். காளப்பநாயக்கன்பட்டியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அவருடைய கடையின் கண்ணாடி மேசைமீது, வெள்ளி நிற உறைகளுக்குள் மூன்று ஹார்ட் டிஸ்குகள் கிடந்தன.

சுமித்ரா மூன்றாவதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வேண்டாம் பாய். ரெண்டுன்னா எங்க ஊட்டுல அதுக்கு அர்த்தமே வேற."

அப்பா கருப்பண்ணன் இறந்து மூன்று மாதமாகிறது. வருகிற புதன்கிழமை பாகப்பிரிவினை. மலைமேல் குண்டூர் நாட்டில் அவர்கள் ஊரின் வழக்கம் தெளிவானது: வீட்டிலுள்ள அத்தனையும் வாசலுக்கு வரும். மூத்தவன் இரண்டு கூறாக வைப்பான். இளையவன் முதலில் எடுப்பான். பெண்ணுக்குக் கூறு இல்லை. ஏன் இல்லை என்றால், இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்பார்கள். எந்த வீட்டுக்கும் போகாமல், முப்பத்தொரு வயது வரை இதே வீட்டின் மரவள்ளிக் காட்டில் குனிந்து நிமிர்ந்தவளுக்கு என்ன பதில் என்றால், வழக்கம் என்பார்கள். வழக்கத்திற்கு வாய் உண்டு. காது மட்டும் கிடையாது.

அவள் வேலை செய்யும் கம்ப்யூட்டரை அப்பா மிளகு விற்று வாங்கினார். ஆகவே அதுவும் வீட்டுச் சாமான். அதுவும் வாசலுக்கு வந்தாக வேண்டும். சாகக் கிடக்கும் அதன் பழைய டிஸ்க்கில் இருந்தது அவளுடைய நான்கு ஆண்டு உழைப்பு. நாற்பத்திரண்டு வீடுகளின் வரி ரசீதுகளையும் எல்லைப் படங்களையும் வீடு வீடாகப் போய்ப் படமெடுத்திருந்தாள். எந்தப் பாறை யார் எல்லை என்று கிழவர்கள் சொன்னதையெல்லாம் குரலாகப் பதிந்திருந்தாள். மூலக் காகிதங்களில் பாதியைக் கரையானும் மழையும் தின்றுவிட்டன. அந்த வீடுகளின் காடுகள் கிடக்கும் மேட்டுச் சரிவு முழுவதும் தன்னுடையது என்று கீழ்நாட்டு எஸ்டேட்காரர் ஒருவர் மனுப் போட்டிருந்தார். அடுத்த மாதம் அதிகாரி விசாரணைக்கு வருகிறார். எஸ்டேட் ஜீப் இருமுறை மூத்த அண்ணன் செல்வத்தின் வாசலில் நின்று போனதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்துதான் அவன் அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்கிறான். சின்ன அண்ணன் அர்த்தனாரிக்கு அந்தப் பெட்டி எதற்கு? செல்வம் கேட்கிறான், ஆகவே அவனுக்கும் வேண்டும்.

"ரெய்டு அஞ்சு போடுங்க" என்றாள்.

அலீம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த முறையில் எல்லாமே துண்டு துண்டாக மூன்றிலும் பரவும். எந்த இரண்டு சேர்ந்தாலும் முழுவதும் கிடைக்கும். தனியாக ஒன்று, வெறும் இரும்பு. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"உங்களுக்குன்னு கமுக்கமா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்கம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் சேத்தத நானே திருடி ஒளிச்சு வெக்கறதா? எனக்கு வேண்டியது காப்பி இல்லீங்க பாய், கூறு. நாலு பேரு பாக்க."

"மூணுல ரெண்டு போச்சுன்னா மொத்தமும் போச்சு. கோவத்துல அடுக்கறீங்க."

"கோவப்படாம அடுக்கினவங்க எனக்கு என்ன வெச்சாங்க?"

புதன்கிழமை. வாசலில் அண்டா, கடப்பாரை, மிளகுச் சாக்கு, கலப்பை எல்லாம் இரண்டு குவியலாகக் கிடந்தன. பழைய டிஸ்க் முனகி முனகி முந்தின நாள்தான் அடங்கியிருந்தது. சுமித்ரா எல்லாவற்றையும் மாற்றியிருந்த புதிய மூன்றையும் ஒரு முறத்தில் வைத்து, ஊர்க்கவுண்டர் சின்னுசாமியின் முன்னால் இறக்கினாள். மூன்றும் மூன்று கூறு, எவையேனும் இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும் என்றும் சொன்னாள்.

"பொட்டச்சி கூறு கேக்கறா! கம்ப்யூட்டர் படிச்ச திமிருங்க" என்றான் செல்வம்.

அர்த்தனாரி சிரித்தான். "இது தொறக்கோணும்னா நானும் இவனும் ஒண்ணு சேரோணுமாக்கும்? அதுக்கு நீ இத அருவியில வீசியிருக்கலாம் புள்ளே."

"இல்லாட்டி ஒருத்தரு எங்கிட்ட வரோணும்."

சின்னுசாமி மூன்றையும் இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றை இரண்டாக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றும் இல்லை. "ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க. கண்ணு, உனக்கு வர்றது கூறு இல்ல, மிச்சம். அந்த வெறும் கம்ப்யூட்டர் பெட்டியும் நீயே வெச்சுக்க."

மிச்சமாம்! அந்தச் சொல்லை அவள் விழுங்கவில்லை. டிஸ்க்கைப் போலவே கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்துச் செல்வம் வந்தான். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் அவள் இருந்தாள். அவனுடைய டிஸ்க்கை எஸ்டேட் ஆபீசில் செருகிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லை என்று திருப்பி எறிந்திருந்தார்கள். அவன் முகமே சொன்னது.

"உன்னுத எடு."

"கவுண்டர் முன்னால வந்து, இது என் தங்கச்சியோட கூறுன்னு ஒரு வார்த்த சொல்லு. எல்லாருமா உக்காந்து தொறக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட எளிதான காரியம் ஒன்று அவனிடம் இருந்தது. கொட்டகையில் கிடந்த எடைக்கல்லை எடுத்து, தன் டிஸ்க்கை வாசற்படியில் வைத்து, மூன்றே அடியில் நசுக்கினான். உள்ளே கண்ணாடி போல் பளபளத்த தகடு வளைந்து வெளியே நீட்டியது.

வேலிக்கு அப்பால் புல்லுக்கட்டோடு நின்றிருந்த பொன்னாயி கட்டைக் கீழே போட்டாள். புருஷனை இழந்தவள், மேட்டுச் சரிவில் அரை ஏக்கர் தினைக்காடு தவிர வேறெதுவும் இல்லாதவள். "சாமி, என்ற காடு அதுலயா இருந்துச்சு?"

"இன்னும் ரெண்டு இருக்குங்க" என்றாள் சுமித்ரா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்தத் தினைக்காடும் மூன்றிலும் துண்டு துண்டாகத்தான் இருந்தது. தன் பங்கை நிலைநாட்ட அவள் நட்ட கம்பத்தில் நாற்பத்திரண்டு வீடுகளைக் கட்டிவிட்டிருந்தாள். அர்த்தனாரி எங்கே வைத்திருக்கிறானோ? பரணிலோ, ஈரச் சுவரோரமோ, பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ. போய்க் கேட்கலாம். கேட்டு வாங்கினால் தன் கூறு மிச்சம் ஆகிவிடும். ஒவ்வொரு நாளும் அவன் வீட்டு வேலிவரை போனாள். ஒவ்வொரு நாளும் திரும்பினாள்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் காற்றோடு மழை. கதவுக்கு வெளியே அர்த்தனாரி நின்றான். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தான். கையில் பாலிதீன் பையில் சுற்றி முடிச்சிட்ட டிஸ்க்.

"இதச் சொருகிப் பாரு புள்ளே."

"எங்கிட்ட இருக்கறது கூறா, மிச்சமான்னு சொல்லிட்டுக் குடு."

அவன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வேலிக்கு அப்பால், நனைந்தபடி பொன்னாயி. அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். சுமித்ராவுக்குப் பின்னே திறந்து கிடந்த பெட்டியில் ஒரு கேபிள் அவளுடைய டிஸ்க்கில் செருகியிருந்தது; இரண்டு கேபிள்கள் தொங்கின. மழைநீர் அர்த்தனாரியின் முழங்கையில் இறங்கி, பையின் மடிப்பில் திரண்டு, முடிச்சை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.