ராகி என்றாள் மிஸி

1

இந்தக் கதை ஒரே சொல்லிலிருந்து பிறந்தது: ராகி. மலாய் மொழியில் அது மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். தமிழில் நம் கேழ்வரகு. இரண்டுக்கும் நடுவில் ஏழு மாதக் குழந்தை ஒன்று மாட்டிக்கொள்ளும் என்றால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

‘1985. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் அன்று வானம் இருண்டு

(விட்டுவிட்டேன். வானத்துக்கு இதில் வேலை இல்லை.)

2

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முதல் பட்டதாரி நாகமணி, அக்கா தாயம்மா வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா மடியில் குழந்தை. வாய் முழுக்க வெள்ளை, தயிரை அப்பியதுபோல. பால் குடிக்க முடியாமல் வீறிட்டது. அந்த நாக்கில் அக்கா டின் பாலைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, என்னக்கா செய்யிற! இனிப்பு தடவுனா இன்னும் பெருகும்!”

“புண்ணு ஆறத்தான். ராகியால வந்துச்சுன்னு கிளினிக் மிஸி சொல்லிட்டா. நாந்தானே கூழு ஊட்டுனேன்.”

“ஊட்டாதேன்னு அன்னிக்கே சொன்னேன்லா,” என்றான் தாயம்மாவின் புருஷன் அர்ஜுனன், லோரி ஓட்டுகிறவன். “பெத்தவளே கெடுத்துட்டா.” ஒரு வாரமாக இதையேதான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளினிக் நர்ஸான அந்த மிஸி கொடுத்த ஊதா மருந்து மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது.

“வாயெல்லாம் ஊதாவானா சிரிப்பாங்களாம். அவரு வேணாம்னுட்டாரு.”

3

(நாகமணி பரீட்சையில் எழுதிய பத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வாயின் உட்தோல் செல்கள் சர்க்கரைச் சங்கிலிகளைப் போர்த்தியிருக்கின்றன. ஈஸ்ட் கிருமியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள் அவற்றைத் தடவிப் பார்க்கும். பொருந்தாததை விட்டுவிடும். பொருந்தியது கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். எச்சில் கழுவியும் போகாது.*

* பழியும் இப்படித்தான், தடவிப் பார்த்துப் பொருந்துகிற ஆளிடம்

4

“அது கேழ்வரகு இல்லக்கா! மலாய்ல ராகின்னா வேற. ஒரு கிருமி. அது வந்து...”

தமிழ்ச் சொல் வரவில்லை. மூன்று மொழி படித்தாயிற்று. அக்காவுக்குப் புரிய ஒரு சொல் இல்லை. அந்தப் பட்டத்தை எந்த அடுப்பில் போடுவது?

“கள்ளுல நுரை கட்ட வைக்குமே, அந்த இனம்!”

அர்ஜுனன் முகம் வெளிறியது. கள்ளுக்கடையிலிருந்து வந்ததும் குழந்தையை வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுகிறவன் அவன்.

“கள்ளா? எம்பிள்ளை வாயிலயா? அப்ப... நானா?”

(அவனும் இல்லை. இனம்தான் ஒன்று, இந்தக் கிருமி கள்ளிலிருந்து வருவதில்லை. யார் தப்பும் இல்லாமலே எத்தனையோ குழந்தைகளுக்கு வரும்.)

அவனே போய் ஊதா மருந்தை எடுத்தான். மூடியைத் திருகினான். ஒரு வாரமாகக் குனிந்திருந்த தாயம்மாவின் தலை நிமிர்ந்தது. ‘நீங்களும் இல்ல மாமா’ என்று சொல்ல வாயெடுத்த தங்கையின் மணிக்கட்டை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

“சொல்லிடாதடி.”

5

முடிவு ஒன்று: நாகமணி சொல்லிவிடுகிறாள். “அப்ப கூழுதான்,” என்று அவன் மூடியைத் திரும்ப மாட்டுகிறான்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. குழந்தை தேறுகிறது. அப்பன் அதன் பிறகு அதைத் தூக்கவே பயப்படுகிறான்.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பழி யார் மேலாவது ஒட்டினால்தான் மருந்துப் புட்டி திறக்கும் என்றால், என்ன வீடு இது!

“மாமா, அது வந்து

குழந்தை வாயைத் திறந்திருக்கிறது. சொட்டு இன்னும் விழவில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன். அக்காவின் பிடி இப்போது உங்கள் மணிக்கட்டில்.